கை மெசினும் கால் மெசினும்: கொழும்பில் பழைய சிங்கர்களைப் பேணுதல்

1877ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி, ஆளுநர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் புறக்கோட்டையில் சிங்கர் தையல் இயந்திரக் கொம்பனி இலங்கையில் தன் முதல் கடையைத் திறந்தது. நூதனசாலை சிலைகளையும் ஏடுகளையும் நாணயங்களையும் தன் கூரைக்குக் கீழே சேர்த்தது. புறக்கோட்டைக் கடையோ கறுப்பு உடலில் பொன்வரி படிந்த இரும்பு இயந்திரங்களை வீடு வீடாக அனுப்பியது. அப்படி வீடு புகுந்த மெசின்களின் வழித்தோன்றல்கள் இன்றும் கொழும்பில் உள்ளன. கொம்பனித்தெருவின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளிலும் வெள்ளவத்தையின் தையற்கடைகளிலும் அவற்றைக் காணலாம். பல இன்னும் தைக்கின்றன.

இவற்றைத் தேடிச் சேர்ப்பவர்களும் மீட்டெடுப்பவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுடைய கைநூல்களும் விதிகளும் பெரும்பாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் தோற்றத்துக்கு இயந்திரத்தைத் திருப்புவதே மீட்பு என்பது அவற்றிற் பலவற்றின் உட்கிடை. கொழும்பு மெசினுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. இங்கே ஒரு சிங்கர் எண்பது, நூறு ஆண்டுகள் உயிரோடு இருப்பதற்குக் காரணம், இடையில் அதைத் திறந்து மூடிய பல கைகள். அந்தக் கைகளின் அடையாளங்களை அழித்துவிட்டுச் செய்யும் மீட்பு, இயந்திரத்தின் வரலாற்றிற் பெரும்பகுதியைக் கழுவிவிடுகிறது.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ளலாம்: வேறு வீட்டு இயந்திரங்கள் இருக்க, ஏன் தையல் மெசின்? மேல்நாடுகளில் பழைய வீட்டுச் சாதனங்களைச் சேர்ப்போரிடையே தூசுறிஞ்சிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. 1901இல் ஹியூபர்ட் செசில் பூத் லண்டனில் குதிரை வண்டியில் ஏற்றி இழுத்துச் சென்ற பெரும் உறிஞ்சியில் தொடங்கி, ஒகாயோ மாநிலத்தில் கட்டடத் துப்புரவுத் தொழிலாளியாயிருந்த ஜேம்ஸ் ஸ்பாங்க்லரின் காப்புரிமையை வாங்கி 1908இல் ஹூவர் விற்ற இயந்திரம், 1921இல் எலெக்ட்ரோலக்ஸ் வெளியிட்ட சறுக்குக் கால்களில் நகரும் உருளை என்று அந்த வரிசை நீளும். கொழும்பில் அப்படியொரு வரிசை உருவாகவில்லை. காரணம் தரையில் இருக்கிறது. கம்பளம் விரித்த வீட்டுக்காகப் பிறந்தது தூசுறிஞ்சி. இங்கேயிருந்தது சிவப்புச் சீமெந்துத் தரை. அதைத் தும்புத்தடியால் கூட்டி, மெழுகு பூசி, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையைக் காலால் அழுத்தித் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். முற்றத்துக்கு ஈர்க்குமாறு போதும். ஆனால் துணி தைக்கும் வேலை எல்லா வீட்டிலும் இருந்தது. சட்டை, பாவாடை, பள்ளிச் சீருடை, தலையணை உறை என்று தேவை ஓயவில்லை. ஆகவே இந்த நகரத்தில் தலைமுறை தாண்டிய வீட்டு இயந்திரம் எது என்று தேடினால் தையல் மெசினிடம்தான் வந்து சேருவோம்.

ஐசக் மெரிட் சிங்கர் தையல் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. நுனியில் கண் உள்ள ஊசியும் அடிநூலை ஏந்திய ஓடமும் சேர்ந்து பூட்டுத்தையல் போடும் முறைக்கு எலியாஸ் ஹோவ் 1846இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். நடிகராக ஊர் சுற்றிய சிங்கர் 1850இல் பொஸ்டனில் ஓர்சன் பெல்ப்ஸின் பட்டறையில் வேறொருவரின் இயந்திரத்தைத் திருத்தப்போய், நேராக மேலும் கீழும் அசையும் ஊசியையும் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தையும் ஒழுங்குபடுத்தினார். அவருடைய காப்புரிமை 1851 ஆகஸ்ட் 12ஆம் திகதியிட்டது. வழக்குகளால் சோர்ந்த உற்பத்தியாளர்கள் 1856இல் தங்கள் காப்புரிமைகளை ஒரு கூட்டில் இட்டுக்கொண்டார்கள். அந்தக் கூட்டு 1877 வரை நீடித்தது. புறக்கோட்டைக் கடை திறந்ததும் அதே ஆண்டுதான்.

சிங்கரின் பங்காளியான வழக்கறிஞர் எட்வர்ட் கிளார்க் 1856இல் கொண்டுவந்த தவணை முறைதான் இந்த இயந்திரத்தை உலகம் முழுவதும் பரப்பியது. சிறு தொகையைக் கட்டி மெசினை வீட்டுக்குக் கொண்டுபோய், மாதாமாதம் மீதியைச் செலுத்தலாம். மெசினே உழைத்துத் தன் கடனை அடைக்கும். இலங்கையிற் சிங்கர் என்ற பெயரோடு இன்றுவரை ஒட்டியிருப்பது இந்த முறைதான். இந்தியா, பர்மா, இலங்கை மூன்றிலும் விற்பனையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் பம்பாய்ப் பார்சியான நஸர்வான்ஜி மெர்வான்ஜி பட்டேல். உள்ளூர்ச் சந்தை எப்படி இயங்கும் என்று நியூயோர்க்கில் இருந்தவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வரலாற்றாசிரியர் நீரா விக்கிரமசிங்க 2014இல் வெளியிட்ட 'மெட்டாலிக் மொடர்ன்' நூலில் இலங்கையிற் சிங்கரின் பயணத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பிரித்தானியக் குடியேற்ற நாடொன்றில் சாதாரண மக்களின் வீட்டுக்குள் நுழைந்த நவீனம் அமெரிக்க முத்திரையோடு வந்தது என்பதை அந்நூல் கவனிக்க வைக்கிறது. பழைய மெசின் சேர்ப்போர் அவசியம் படிக்கவேண்டிய ஆய்வு அது.

காந்தியும் இந்த இயந்திரத்துக்கு விலக்களித்தார். 1924இல் சாந்திநிகேதன் மாணவராயிருந்த ஜி. ராமச்சந்திரன், பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டபோது, சிங்கர் தையல் மெசின் பயனுள்ள பொருள் என்றார் காந்தி. மனைவி கையால் தைத்துக் களைப்பதைக் காணப் பொறுக்காத கணவனின் அன்பில் அது பிறந்தது என்றும் சொன்னார். அந்த அன்புக் கதைக்குச் சிங்கரின் வாழ்க்கையில் ஆதாரம் இல்லை. பணம் வருமென்பதாலேயே அவர் அந்த வேலையில் இறங்கினார். ஆனால் காந்தி சுட்டிய தன்மை உண்மையானது. தொழிலாளியின் கையை நீக்காமல், அந்தக் கையின் வேகத்தைக் கூட்டும் இயந்திரம் இது. பழுதானால் தொழிற்சாலைக்கு அனுப்பத் தேவையில்லை. திருப்புளி பிடிக்கத் தெரிந்தவர் பார்த்துச் சரிசெய்யலாம். அதன் நீண்ட ஆயுள் அங்கேதான் தொடங்குகிறது.

கொழும்பிற் கிடைக்கும் பழைய சிங்கர்களிற் பெரும்பாலானவை ஸ்கொட்லாந்தின் கிளைடுபாங்கில், கில்போவி தொழிற்சாலையில் வார்க்கப்பட்டவை. 1880களின் நடுப்பகுதியில் இயங்கத் தொடங்கிய அந்த ஆலை 1913இல் மட்டும் 13 இலட்சத்துக்கு மேற்பட்ட மெசின்களை அனுப்பியது. அதன் மணிக்கூட்டுக் கோபுரத்தின் நான்கு முகங்களும் ஒவ்வொன்றும் 26 அடி விட்டமுடையவை. கோபுரம் 1963இல் இடிக்கப்பட்டது, ஆலை 1980இல் மூடப்பட்டது. சிங்கர் என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் மட்டும் அங்கே மிஞ்சியிருக்கிறது. 15கே, 28கே, 201கே என்று மாதிரி எண்ணோடு வரும் 'கே' எழுத்து கில்போவியைக் குறிக்கும்.

மெசினின் வலப்புறத் தட்டில் பொறித்த தொடரிலக்கமே அதன் பிறப்புச் சான்று. எழுத்தில்லாமல் எண் மட்டும் இருந்தால் பொதுவாக 19ஆம் நூற்றாண்டு. 'ஒய்' என்ற ஒற்றை எழுத்து 1920களிலும் 1930களின் முற்பகுதியிலும் கிளைடுபாங்கில் செய்யப்பட்டவற்றுக்கு. 'ஈஏ', 'ஈபி' என இரட்டை எழுத்து வந்தால் 1930களின் நடுப்பகுதிக்குப் பின். ஒன்றை மனதில் வைக்கவேண்டும்: பதிவேட்டில் உள்ள திகதி, எண்தொகுதி ஒதுக்கப்பட்ட நாளேயன்றி மெசின் செய்து முடிக்கப்பட்ட நாளன்று. கப்பலேறிக் கொழும்பு வந்து கடையில் விற்க இன்னும் காலம் போயிருக்கும். "பாட்டியின் சீதன மெசின்" என்ற குடும்பக் கதைக்கும் தொடரிலக்கத்துக்கும் இடையே ஓரிரு ஆண்டு வேறுபட்டால் கதையைப் பொய்யென்று ஒதுக்கிவிடக் கூடாது.

இனிப் பட்டறைக்குள் போகலாம். வீட்டு மூலையில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த கை மெசின் பெரும்பாலும் இறுகிப்போயிருக்கும். சக்கரத்தைப் பலவந்தமாகத் திருப்புவதே முதற் குற்றம். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். இறுக்கத்துக்குக் காரணம் துருவாக இருப்பது குறைவு, காய்ந்த எண்ணெய்தான் அதிகம். மெசின் எண்ணெய் கிடைக்காத நாட்களில் கையில் கிடைத்த சமையல் எண்ணெயை விட்டிருப்பார்கள். அது காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லத் தேன்நிறப் பிசினாகிவிடும். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறையக்கூடியது. கொழும்பில் அது பெரிதாகத் தெரியாது, நுவரெலியாவிலிருந்து வந்த மெசினில் தெரியும். ஒவ்வோர் எண்ணெய்த் துளையிலும் சில துளி மண்ணெண்ணெய் விட்டு, வெயிலில் வைத்து, பொறுத்திருக்கவேண்டும். ஊசித்தண்டும் அழுத்துதண்டும் மெல்ல அசையத் தொடங்கும். சில சமயம் சக்கர அச்சிலோ ஓடம் ஓடும் தடத்திலோ சுற்றிக்கொண்ட பழைய நூலே முழுப் பிரச்சினையும். ஊசிமுனையால் அதை இழுத்தெடுத்தால் போதும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமே தவிர உராய்வைக் குறைக்காது. ஆகவே அது வேலை முடித்ததும் துடைத்துவிட்டு, தெளிந்த மெசின் எண்ணெய் இடுவது கட்டாயம். இதைச் செய்யாமல் விட்ட மெசின் சில மாதங்களில் முன்னைவிட மோசமாகத் தேயும்.

பொன்வரிகளிடம் இன்னும் கவனம் வேண்டும். அவை வரைந்தவை அல்ல. ஒட்டுப்படமாகப் பதித்து, மேலே அரக்கு வார்னிஷ் பூசப்பட்டவை. ஸ்பிரிட் பட்டால் அந்த அரக்கு கரையும். சவர்க்காரத் தண்ணீர் உள்ளே இறங்கினால் பொன் வெள்ளியாக வெளிறும். உலோகப் பொலிஷ் போட்டுத் தேய்த்தால் சில மெசின்களை அலங்கரிக்கும் ஸ்பிங்ஸ் உருவம் தேய்ந்து மறையும். மெசின் எண்ணெயில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியால், அழுத்தாமல், திரும்பத் திரும்பத் துடைப்பதே வழி. ஒரு மெசினுக்கு ஒரு வாரம் பிடித்தாலும் அது வீணல்ல.

வெள்ளவத்தைக் கடற்கரை வீடுகளின் மெசினில் இன்னொரு நோய் இருக்கிறது. உப்புக்காற்று நிக்கல் பூச்சின் நுண்துளைகள் வழியே இறங்கி அடியிரும்பைத் தின்னும். மேலே பூச்சு மினுங்கும்போதே கீழே அரிப்பு நடக்கிறது. பூச்சு கொப்பளித்து உதிரும்போதுதான் நமக்குத் தெரியும். ஊசித்தட்டும் முன்பக்கச் சறுக்குத் தட்டும் முதலில் போகும். இதைத் திரும்பப் பூசக்கூடாது என்று நான் கருதுகிறேன். துருவை நிறுத்தி, மெல்லிய எண்ணெய்ப் படலம் இட்டு, அந்தத் தழும்பை அப்படியே விடலாம். கடலுக்கு எவ்வளவு அருகில் அந்த மெசின் வாழ்ந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பிற்காலத்தில் மோட்டர் பொருத்திய மெசின்களில் மட்டும் பழமையைப் பாராட்ட இடமில்லை. பழைய வயரின் றப்பர் பொடிந்து உதிரும். செம்புக்கம்பி வெறுமையாக நிற்கும். அந்த வயரை முழுதாக மாற்றாமல் மின்னிணைப்பில் செருகக்கூடாது.

மீட்பை எளிதாக்கும் ஒரு பெரும் நன்மை உண்டு. 15ஆம் வகுப்பு மெசினுக்கு வந்த 15×1 ரக ஊசிதான் இன்றும் பெரும்பாலான வீட்டு மெசின்களின் பொது ஊசி. புறக்கோட்டையில் இன்று வாங்கும் 16ஆம் நம்பர் ஊசி, நூறு வயதான 28கே மெசினிலும் அப்படியே பொருந்தும். வட்ட பொபினும் அப்படியே, ஏனெனில் 15ஆம் வகுப்பை யப்பானியரும் இந்தியரும் சீனரும் பிரதி செய்தார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த உஷாவும் அந்தக் குடும்பம்தான். 28கே மெசினின் நீள ஓடமும் மெல்லிய நீள பொபினும் மட்டும் தொலைந்தால் துன்பம். மெசினை வாங்குமுன் சறுக்குத் தட்டைத் திறந்து ஓடம் இருக்கிறதா என்று பார்க்காமல் விலை பேசக்கூடாது.

பழுதுபார்த்தவர்களின் கைவேலைக்கு வருகிறேன். கொழும்பின் பழைய மெசின்களில் அசல் திருகாணிக்குப் பதில் கடைசலில் கடைந்த திருகாணி, சைக்கிள் உதிரியிலிருந்து வெட்டிய சுருள்வில், உடைந்த கைப்பிடிக்குப் பதில் உள்ளூர் மரத்தில் செதுக்கிய பிடி என்றெல்லாம் காணலாம். 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் உதிரிப்பாகம் வருவது அரிதானபோது இந்தத் திறன் உச்சத்தை அடைந்தது. 1960களில் இரத்மலானையில் சிங்கர் தொழிற்சாலை உருவானதும் மெசின் வேலை தெரிந்த தொழிலாளர் கூடினார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, மறு ஆண்டே கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. ஆயத்த ஆடை மலிந்தது. வீட்டு மெசின் மெல்ல மூலைக்குப் போனது. பழுதுபார்ப்பவர்களும் வேறு வேலைக்குப் போனார்கள். ஒரு தலைமுறையின் அறிவு எழுதப்படாமலே கலைந்தது என்பதே எனக்குப் பெரிய துயரம். சேகரிப்பாளர் அசல் திருகாணியை வெளிநாட்டிலிருந்து வருவித்து, கடைசல் திருகாணியைக் குப்பையில் எறியும்போது அந்த அறிவின் கடைசிச் சான்றையும் எறிகிறார். மாற்றவேண்டுமென்றால் மாற்றலாம். கழற்றியதை ஒரு உறையில் இட்டு மெசினோடு வைக்கவேண்டும்.

கால் மெசினின் அருமையை இந்த நாடு இருமுறை கண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990இலிருந்து ஆண்டுக்கணக்காக மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையும் இருந்தது. மிதித்து ஓட்டும் மெசினும் கையால் சுற்றும் மெசினும் அப்போதும் தைத்தன. கொழும்பில் 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஆடைக் கடைகளின் மின் மெசின்கள் நின்றன. தோல் பட்டியும் மிதிகட்டையும் உள்ள மெசினுக்கு அந்த மின்வெட்டு பொருட்டேயில்லை. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் குடும்பத் தலைவிகளுக்கு வாழ்வாதார உதவியாகத் தையல் மெசின் கொடுக்கப்பட்டதையும் இதோடு நினைக்கவேண்டும். இது இன்னும் பிழைப்பின் கருவி.

ஆகவேதான் அலங்காரப் பொருளாக அதை மாற்றுவது எனக்கு உவப்பில்லை. ஓல்செயின்ட்ஸ் என்ற பிரித்தானிய ஆடைக் கொம்பனி தன் கடைக் கண்ணாடிகளில் நூற்றுக்கணக்கான பழைய மெசின்களை அடுக்கி வைத்தது. கொழும்பின் உணவகங்களில் வார்ப்பிரும்புக் கால்கள் மேசைக்கால்களாகின்றன. தலை தனியே பழைய இரும்புக்குப் போகிறது. வதந்தியும் அழிவைக் கொண்டுவரும். 2009 ஏப்ரலில் சவூதி அரேபியாவில் பழைய சிங்கர்களுக்குள் 'சிவப்பு இரசம்' என்ற அரும்பொருள் இருப்பதாகக் கதை பரவி, மெசின்கள் பெருந்தொகைக்குக் கைமாறின. ஊசிக்கு அருகில் கைத்தொலைபேசியைப் பிடித்துச் சோதித்தார்கள். உள்ளே இருப்பது வார்ப்பிரும்பும் உருக்கும் மட்டுமே.

கொம்பனித்தெருவில் ஆபத்து இன்னும் நேரடியானது. படைவீரர் குடியிருப்பின் நினைவு மலாய் வீதி, ரைபிள் வீதி என்ற பெயர்களில் தங்கியிருக்கும் இந்த வட்டாரத்தில், 2010 மே மாதம் மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டன. அதன்பின் அடுக்குமாடித் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒழுங்கை வீட்டிலிருந்து மாடி வீட்டுக்கு மாறும் குடும்பம் முதலில் கைவிடுவது பாரமான பொருளை. மெசின் தலை மட்டுமே பத்துக் கிலோவைத் தாண்டும், இரும்புக் கால் அதைவிடப் பாரம். பல ஆண்டுகள் சிங்கர் இலங்கைக் கொம்பனியின் தலைமையகம் கூட இங்கே நடந்துபோகும் தூரத்தில், நவம் மாவத்தையில்தான் இருந்தது. 2017இல் அக்கொம்பனி ஹெய்லிஸ் குழுமத்திடம் போனது. இன்று அதன் கடைகளில் குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் முன்னே நிற்கின்றன.

லண்டனில் ஈழத்தமிழர் நிறைந்த டூட்டிங் பகுதியை ஒட்டி, பல்ஹாம் பெருவீதியில் தையல் இயந்திரங்களுக்கென்றே ஒரு நூதனசாலை இருக்கிறது. விக்டோரியா அரசியின் மூத்த மகளின் மெசினும் அங்கே உண்டு. கொழும்புக்கு அரச குடும்பத்து மெசின் தேவையில்லை. இங்கே வேண்டியது ஒரு பதிவேடு. மெசின் எந்த வீட்டிலிருந்து வந்தது, தொடரிலக்கம் என்ன, யார் தைத்தார்கள், என்ன தைத்தார்கள், எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது, மாற்றியவர் எந்தத் தெருவில் கடை வைத்திருந்தார் என்பவை அதில் வேண்டும். தவணை அட்டை இருந்தால் அதன் படமும் வேண்டும். இன்று எழுபது, எண்பது வயதிலிருக்கும் பழுதுபார்ப்பவர்களின் பேச்சையும், அவர்கள் நூலிறுக்கத்தைச் சரிசெய்யும் கையையும் ஒளிப்பதிவு செய்யவேண்டும். இதற்குப் பெரிய கட்டடமோ பெருநிதியோ வேண்டியதில்லை. பல்கலைக்கழக வரலாற்றுத் துறையொன்றும் சில சேகரிப்பாளர்களும் சேர்ந்தால் கொம்பனித்தெருவில் தொடங்கி, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை என்று தெருத்தெருவாக இதைச் செய்துவிடலாம். இன்னும் நிற்கும் பழைய ஒழுங்கைகளில் தொடங்குவது நல்லது.